ரிச்சி தெருவிலிருந்து கூடத்து மூலை வரை

பிரயாணக் கட்டுரை என்றதும் நேயர்கள் குற்றாலத்தையோ கொடைக்கானலையோ எதிர்பார்த்திருக்கலாம். பெட்டி படுக்கை கட்ட வேண்டாம். ரயிலில் இடம் பதிவு செய்ய வேண்டாம். இந்த வாரம் நாம் போகப் போகிற இடம் சென்னைப் பட்டணத்துக்குள்ளேயே, அண்ணா சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ரிச்சி தெரு என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஒரு வீட்டின் கூடத்துக்குள் நுழைந்து அதன் நாலு மூலைகளையும் சுற்றி வரப் போகிறோம். அந்தக் கூடத்தின் மொத்த நீளமே 14 அடிதான். ஆனால் அதிசயங்கள் அதில்தான் அதிகம் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

தறியும் ரேடியோவும்

மெட்ரோ ரயிலில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால் சிறிது தூரம் நடந்தால் போதும். பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் சௌகரியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

சத்தத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. அடுத்தாற்போல் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டை, 1734-ஆம் வருஷம் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக உண்டான பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு சினிமாவின் சத்தம் வந்தது. ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டர் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தேவி தியேட்டரை இன்றைக்கும் பார்க்கலாம். மீரான் சாகிப் தெருவில் சினிமா விநியோகஸ்தர்களின் ஆபீஸ்கள் வரிசையாக இருந்தன. சினிமா இருக்கும் இடத்தில் ரேடியோவும் ஒலிபெருக்கியும் இல்லாமல் போகுமா?

ரிச்சி தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் உங்கள் கண்ணைப் பார்ப்பதா, காதைப் பொத்திக்கொள்வதா என்று தெரியாது. ஒரு கடை வாசலில் கலர் கலராக ஒயர்ச் சுருள்கள், பூக்கடைச் சரம் மாதிரி. இன்னொரு கடையில் ஸ்பீக்கர் கோன்களை, அப்பளம் உலர்த்தினாற்போல் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். நடுவில் டீ கொண்டு போகும் பையன், அட்டைப் பெட்டிகளைத் தலைக்கு மேல் ஏற்றிய கைவண்டி, "வழி, வழி!" என்று கத்திக்கொண்டு வரும் ஸ்கூட்டர். இடது பக்கத்துக் கடையில் ஒரு பாட்டு. வலது பக்கத்துக் கடையில் இன்னொரு பாட்டு. இரண்டிலும் ஒரே ஒரு விஷயம் பொது. "தும், தும்" என்று நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கிறதே, அதுதான்.

அந்த 'தும்'மை வாங்குவதற்காகத்தான் நாமும் வந்திருக்கிறோம். அதைத் தருகிற பெட்டிக்குச் சப்வூஃபர் என்று பெயர்.

இடது கை எங்கே?

நம்முடன் கூட வருகிற அம்மாளை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மருமகள். இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார்கள். மாமனாருக்கு எண்பது வயதாகிறது. மார்கழி மாதம் வந்துவிட்டால் ஒரு காலத்தில் சபா சபாவாக ஏறி இறங்கியவர். இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மாடிப்படி இறங்குவதே மாதத்துக்கு ஒரு தடவைதான். ஆகையால் பிள்ளை ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தார். புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய அளவு. ஆம்பிளிபையர் தனியாக வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. கரண்டில் செருகினால் பாடும். பவர்டு ஸ்பீக்கர் என்று கடையில் சொல்வார்கள்.

பெரியவர் ஒரு வாரம் கேட்டார். பிறகு மருமகளிடம் மெதுவாகச் சொன்னார்:

"பாட்டு நன்னாத்தான் இருக்கும்மா. ஆனா மிருதங்கக்காரன் ஒத்தைக் கையால வாசிக்கிற மாதிரி இருக்கு. இடது கை எங்கே போச்சு?"

சங்கீதம் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியின் நியாயத்தை உடனே தெரிந்துகொள்வார்கள். மிருதங்கத்தில் வலது பக்கம் வலந்தலை. இடது பக்கம் தொப்பி. கச்சேரிக்குச் சற்று முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தொப்பியில் அப்புவார்கள். அந்தக் கனத்தினால்தான் அதன் நாதம் தாழ்ந்து, கும்மென்று உருண்டு வருகிறது. வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டம் எப்படி ஒரு தோல் வாத்தியத்தைச் சுருதியுடன் பேச வைக்கிறது என்பதை ஸர் சி. வி. ராமனே ஆராய்ந்து 1920-இலும் 1934-இலும் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெருமையுள்ள வாத்தியத்தின் ஒரு பாதி, பெரியவருடைய வீட்டுக்கு வரும் வழியில் காணாமற் போய்விட்டது!

எங்கே போயிற்று? மனிதக் காது ஒரு விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பது பொதுக் கணக்கு. ஹெர்ட்ஸ் என்பது இந்தக் கணக்கின் பெயர். தாழ்ந்த நாதத்தை உண்டாக்க வேண்டுமானால் ஸ்பீக்கரின் கோன் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கையளவு விசிறியால் கல்யாணக் கூடத்துக்குக் காற்று வீச முடியுமா? அந்த வீட்டு ஸ்பீக்கரில் கோன் மூன்று அங்குலம். அந்த அளவுக் கோன் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக மெலிந்துவிடும். குரலும் வயலினும் வலந்தலையும் பிழைத்தன. தொப்பியின் அடிநாதம் மட்டும் போய்விட்டது.

சிறிய பெட்டியிலிருந்து தாழ்ந்த நாதத்தை வரவழைக்க மேல்நாட்டார் வெகு காலம் பாடுபட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-இல், பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக உபயோகிக்கும் வழியைக் காட்டினார். அதுவரை பீரோ அளவு இருந்த பெட்டி அலமாரித் தட்டில் அடங்கியது. 1974-இல் பூகம்பத்தைப் பற்றிய ஓர் ஆங்கிலப் படம் வந்தபோது, ஜனங்கள் நாற்காலியிலேயே நடுங்க வேண்டும் என்பதற்காகச் சில தியேட்டர்களில் பிரம்மாண்டமான பேஸ் பெட்டிகளை வைத்தார்கள். அந்தப் பெட்டிதான் சிறுத்து, தனி ஆம்பிளிபையருடன், நம் வீட்டு மூலைக்கு வந்திருக்கிறது.

கடையில் கேட்க வேண்டியவை

கடைக்காரர் நல்ல மனிதர். மருமகளைப் பார்த்ததும், "வாங்க மேடம், ஹோம் தியேட்டரா? பத்து அங்குலம் போட்டுக் காட்டட்டுமா?" என்றார். போட்டும் காட்டினார். தட்டில் இருந்த டீ கிளாஸ் நாட்டியம் ஆடியது.

இந்த நாட்டியத்தில் நேயர்கள் மயங்கக் கூடாது. கடையின் சத்தம் கடையோடு சரி. அதே பெட்டி உங்கள் வீட்டில் வேறு குரலில் பேசும். ஆகையால் கடையில் காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். நம் மருமகள் சமர்த்து. வீட்டு ஸ்பீக்கரின் முதுகுப் பக்கத்தை டெலிபோனில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 'சப் அவுட்' என்று ஒரு துவாரம் இருக்கிறதா?

இருந்தால் கஷ்டம் தீர்ந்தது. அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் சப்வூஃபரின் 'லைன் இன்' துவாரத்துக்குப் போனால் போதும். சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இரண்டும் சேர்ந்தே கூடும், குறையும்.

இல்லாவிட்டால் இரண்டு வழி உண்டு. டி.வி.யோ, பாட்டுப் பெட்டியோ எதிலிருந்து சத்தம் வருகிறதோ, அங்கே ஒரு 'ஒய்' ஒயர் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஸ்பீக்கருக்கும் மற்றதைச் சப்வூஃபருக்கும் கொடுக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு சத்தத்தை அந்தப் பெட்டியிலேதான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஸ்பீக்கரில் இருக்கும் திருகைத் திருகினால் பாட்டு மட்டும் குறையும்; 'தும்' அப்படியே நிற்கும். பாடகர் களைத்து உட்கார்ந்த பிறகும் மிருதங்கக்காரர் விடாமல் வாசிக்கிற கதைதான். இரண்டாவது வழி, சில சப்வூஃபர்களில் 'லைன் இன்', 'லைன் அவுட்' இரண்டும் இருக்கும். சத்தத்தை முதலில் அதற்குள் விட்டு, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பவர்டு ஸ்பீக்கர் ஜோடியில் பெரும்பாலும் ஒன்றில்தான் ஆம்பிளிபையர் இருக்கும்; மற்றதுக்கு ஒரு ஒயர் போகும். அந்த ஒயரிலிருந்து சப்வூஃபருக்கு ஒட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், கூட வந்த புத்தகத்தில் அனுமதி இருந்தாலொழிய கேட்காதீர்கள். ஆம்பிளிபையர் வெந்து போனால் ஸ்பீக்கரும் போயிற்று, பணமும் போயிற்று.

வாட் கணக்கிலும் ஜாக்கிரதை. அட்டைப் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் 'பி.எம்.பி.ஓ.' வாட் என்று போட்டிருந்தால் அதைக் கல்யாணப் பத்திரிகையில் போடும் பட்டங்கள் மாதிரி நினைத்துக்கொண்டு தள்ளிவிடுங்கள். 'ஆர்.எம்.எஸ்.' என்று எழுதியிருப்பதே சம்பளம், மற்றதெல்லாம் கிம்பளம்.

அளவு என்ன வாங்குவது? மூன்று, நான்கு அங்குல ஸ்பீக்கரும் நடுத்தரக் கூடமும் இருக்கிற வீட்டுக்கு எட்டு அங்குலம் தாராளம். பெரிய கூடம், பெரிய ஸ்பீக்கர் என்றால் பத்து அங்குலத்தை யோசிக்கலாம். சத்தத்துக்கு ஒரு திருகு, 'கிராஸ்ஓவர்' என்று ஒரு திருகு, 'பேஸ்' என்கிற கட்டத்தை 0, 180 என்று மாற்றுகிற ஒரு சுவிட்ச்: இந்த மூன்றும் முதுகில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். பில்லையும் காரண்டிக் கார்டையும் மறக்க வேண்டாம்.

நம் மருமகள் எட்டு அங்குலத்தையே வாங்கினார். ஆட்டோவில் ஏற்றினோம். இனிமேல்தான் இரண்டாவது பிரயாணம்.

கூடத்துக்குள் யாத்திரை

எல்லார் வீட்டிலும் நடப்பது இங்கேயும் நடந்தது. எந்த மூலை காலியாக இருந்ததோ, அந்த மூலைக்குச் சப்வூஃபர் போயிற்று. தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டார்கள். மருமகள் சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"ரொம்ப அதிகமா இருக்கே, மாமா. குறைக்கட்டுமா?"

பெரியவர் கூடத்து நடுவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். "அதிகமா? வந்த மாதிரியே தெரியலையேம்மா" என்றார்.

மாமனார் சொன்னதும் உண்மை. மருமகள் சொன்னதும் உண்மை. இதுதான் நான் சொன்ன அதிசயம்.

காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் நாதமென்றால் ஒரு அலையின் நீளம் ஏறக்குறைய 28 அடி. கூடமோ 14 அடி. சரியாகப் பாதி அலை உள்ளே அடங்குகிறது. இந்தச் சுவரில் மோதி, அந்தச் சுவரில் மோதி, அலை ஓர் இடத்தில் நிலை கொண்டுவிடுகிறது. சுவரோரங்களில் பொங்கி நிற்கும். நட்டநடுவில் ஒன்றுமே இராது. அகலம் 10 அடி என்றால் அந்தப் பக்கத்துக்குச் சுமார் 57 ஹெர்ட்ஸில் இதே விளையாட்டு. பெரியவருடைய நாற்காலி நீளத்துக்கும் நடு, அகலத்துக்கும் நடு. மின்விசிறிக்கு நேர் கீழே காற்று வரட்டும் என்று போட்ட இடம். காற்று வந்தது, நாதம் வரவில்லை. மருமகளோ சுவரோரத்தில் நின்றார். பொங்கியதெல்லாம் அவர் காதில் விழுந்தது.

ஆகையால் முதல் வைத்தியம் பெட்டிக்கு அல்ல, நாற்காலிக்கு. பின்சுவரை நோக்கி இரண்டு அடி, பக்கவாட்டில் ஒரு அடி. விசிறிக் காற்று இன்னும் படுகிறது. செலவு ஒரு பைசா இல்லை.

இரண்டாவது வைத்தியத்தைப் பார்த்துக் குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பெரியவரைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியின் புது இடத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் சப்வூஃபரை ஏற்றினார்கள். பாட்டை வைத்துவிட்டு, மருமகள் புடைவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சுவரோரமாகத் தவழ்ந்து போனார். எந்த இடத்தில் காதை வைத்துக் கேட்கும்போது தொப்பி அதிகமாக முழங்காமலும், காணாமற் போகாமலும், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் ஒரு சாக்கட்டிக் கோடு. பிறகு பெட்டியை அங்கே இறக்கி வைத்து, நாற்காலியில் பெரியவரை உட்கார வைத்தால், அதே நாதம் அவர் காதில் கேட்கும். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் நடுவில் இருக்கும் வழி ஒன்றுதானே!

மூலை மட்டும் எப்போதும் மோசமா என்று கேட்பீர்கள். இல்லை. மூலையில் சத்தம் மிகவும் கூடும். பெரிய கூடத்தில், சிறிய பெட்டிக்கு அது உதவி. சிறிய கூடத்தில் அது ஒரே முழக்கமாகிவிடும். இந்த வீட்டில் சாக்கட்டிக் கோடு விழுந்த இடம், மூலையிலிருந்து மூன்று அடி தள்ளி, டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்.

உப்புப் போடுகிற மாதிரி

இடம் கிடைத்தாயிற்று. இனி மூன்று திருகாணிகள்.

கிராஸ்ஓவர் என்பது பாகப் பிரிவினை. எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வேலையைச் சப்வூஃபர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் திருகு. ஸ்பீக்கரின் புத்தகத்தில் அது எவ்வளவு கீழே போகும் என்று போட்டிருக்கும். அதற்குச் சற்று மேலே வைக்க வேண்டும். 60 என்றிருந்தால் 70 அல்லது 80. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது காதுக்குப் புலப்படாது. அதனால்தான் 80 பலருக்கும் பொருத்தமாக இருக்கிறது. இந்த வீட்டில் ஸ்பீக்கர் சிறியது; 100-இல் வைக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு மேலே வைத்தால் பெட்டி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருப்பது அவசியம். 150 வரை ஏற்றிவிட்டால், செய்தி வாசிக்கிற மனிதர் திரையில் இருப்பார். அவருடைய குரலில் பாதி பெட்டிக்குள்ளிருந்து பேசும்.

கட்ட சுவிட்சுக்கு உபமானம் வேண்டுமானால் ஊஞ்சலைப் பாருங்கள். ஒருத்தி தள்ளும்போது மற்றவளும் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். ஒருத்தி தள்ள, மற்றவள் பிடித்தால் நின்று போகும். ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுகிற சமயத்தில் சப்வூஃபர் இழுத்தால் இரண்டின் நாதமும் சந்திக்கிற இடத்தில் பள்ளம் விழும். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் 0, 180 என்று மாற்றிக் காட்டட்டும். எதில் தொப்பி நிறைந்து கேட்கிறதோ அதை விட்டுவிடுங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால் 0-விலேயே இருக்கட்டும்.

சத்தத்தின் திருகு உப்பைப் போல. ஸ்பீக்கரை வழக்கமான அளவில் பாடவிட்டு, சப்வூஃபரை ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். "இதோ, சப்வூஃபர் கேட்கிறது" என்று தோன்றியதும் ஒரு நூல் குறையுங்கள். இருப்பது தெரியக் கூடாது. அணைத்தால், ஏதோ குறைகிறதே என்று தெரிய வேண்டும்.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுத் தனியும் கேட்டார். தொடையில் இடது கை தாளம் போட ஆரம்பித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மருமகளும் கேட்கவில்லை.

ரீங்காரமும் கிடுகிடுப்பும்

பாட்டு நின்றபோதுதான் புது விருந்தாளி ஒருவர் வந்திருப்பது தெரிந்தது. "ம்ம்ம்ம்" என்று ஓயாத ரீங்காரம். நம் ஊர்க் கரண்ட் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிற கரண்ட். அதன் குரல்தான் இது. பயப்பட வேண்டாம், வரிசையாகத் தேடினால் அகப்பட்டுவிடும்.

முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சப்வூஃபருக்குப் போகும் சத்த ஒயரைக் கழற்றுங்கள். மறுபடி போடுங்கள். அப்போதும் ரீங்காரம் இருந்தால் கோளாறு பெட்டியில். காரண்டிக் கார்டுக்கு வேலை வந்தது. நின்றுவிட்டால், ஒயர் வழியாக வருகிறது. ஸ்பீக்கர் ஒரு சுவரின் பிளக்கிலும், சப்வூஃபர் வேறு சுவரின் பிளக்கிலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் எர்த் ஒயர் ஒரு பெரிய வளையமாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் டி.வி.க்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இந்த வீட்டில் குற்றவாளி அதுதான்! செட்-டாப் பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றியதும் கூடம் அமைதியாயிற்று. சத்த ஒயரின் நடுவில் செருகும் 'கிரவுண்ட் லூப் ஐஸொலேட்டர்' என்ற சின்ன டப்பாவை ரிச்சி தெருவிலேயே வாங்கலாம். அதைச் சப்வூஃபருக்குப் போகும் ஒயரில் போட்டதும் கேபிளை மறுபடி மாட்டினார்கள், ரீங்காரம் வரவில்லை.

ஆனால் ஒன்று. "மூன்றாவது பின்னை வெட்டிவிடுங்கள், ரீங்காரம் போய்விடும்" என்று ஒரு யோசனை உலவுகிறது. ரீங்காரம் போகும், ஷாக் அடித்தால் உயிரும் போகும். எர்த் பின்னைத் தொடவே கூடாது.

அடுத்தது கிடுகிடுப்பு. சில ஸ்வரங்கள் வரும்போது மட்டும் "டர்ர்" என்று ஒரு சத்தம். பெட்டி ஓட்டையென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், ஸ்டீல் பீரோவின் மேல் கையை வையுங்கள். பிறகு ஜன்னல் கம்பி, கண்ணாடி போட்ட சுவாமி படம், ஷோகேஸில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் எவர்சில்வர் பாத்திரம். எதில் கை வைத்தால் சத்தம் நிற்கிறதோ அதற்கடியில் ஒரு மடித்த துணி.

விடியற்காலையில் மெதுவாகப் பாட்டு வைக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். சில சப்வூஃபர்கள் சத்தம் குறைவாக இருந்தால் தூங்கிவிடும். ஆலாபனை முழுவதும் தூங்கி, மிருதங்கம் சேர்ந்தவுடன் 'தப்' என்று விழித்துக்கொள்ளும். முதுகில் 'ஆட்டோ' என்று இருப்பதை 'ஆன்' என்று மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் பிளக்கில் அணைத்துவிடுங்கள். டி.வி.யிலிருந்து ஆப்டிகல் ஒயர் போட்டும் பேச்சே வரவில்லையா? டி.வி.யின் சவுண்ட் பகுதிக்குப் போய் 'பி.சி.எம்.' என்று மாற்றிப் பாருங்கள், அநேகமாகப் பேசும்.

ஒரு மாடி கீழே

கூடத்தோடு பிரயாணம் முடிந்துவிட்டது என்று நேயர்கள் நினைக்கலாம். பெட்டியோடு வந்த புத்தகமும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனால் இன்னும் பதினெட்டுப் படி இறங்க வேண்டியிருக்கிறது.

உயர்ந்த ஸ்தாயிச் சத்தங்களைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த நாதத்துக்குச் சுவர் ஒரு திரைச்சீலை மாதிரிதான். பாட்டு மேலேயே தங்கிவிடும். 'தும்' மட்டும் கீழே இறங்கிப் போகும். கீழ் வீட்டில் ஆறு மாதக் குழந்தையுடன் ஓர் இளம் தாய் இருக்கிறார். புகார் சொல்ல வரவில்லை. மருமகளாகவே போய்க் கதவைத் தட்டினார், மேலே பாட்டை ஓடவிட்டுவிட்டு.

"பாட்டு ஒண்ணும் கேக்கல அக்கா. தும், தும்னு மட்டும் வருது. பகல்ல பரவாயில்ல. மத்தியானம் இவன் தூங்கறப்பத்தான் தூக்கிவாரிப் போட்டுக்கறான்" என்றார் அந்தப் பெண். குழந்தை இடுப்பில் இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தாராம்.

பெட்டிக்கு அடியில் கனமான ஃபோம் மெத்தை போட்டால் தரை வழியாக இறங்குகிற அதிர்வு குறையும். போட்டார்கள், குறைந்தது. ஆனால் காற்று வழியாகப் போவதை மெத்தை தடுக்காது. அதற்கு ஒரே மருந்து, திருகைக் குறைப்பதுதான். எவ்வளவு குறைப்பது? மருமகள் கீழே நின்று டெலிபோனில் சொல்ல, மேலே பிள்ளை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கீழே 'தும்' மறைந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

மறுநாள் நான் போனபோது சப்வூஃபரின் முதுகில், திருகைச் சுற்றி, இரண்டு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. சிவப்புப் பொட்டுக் காலைக்கும் மாலைக்கும். கறுப்புப் பொட்டு மத்தியானம் ஒன்று முதல் நாலு வரை, இரவு ஒன்பதுக்கு மேல். கறுப்பில் வைத்தால் தொப்பி முழுதாக வராது, கொஞ்சம் வரும். பெரியவரே எழுந்து போய், குனிந்து, தம் கையாலேயே திருகை மாற்றுகிறார். மத்தியானக் கச்சேரியைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார். "சபாவிலே நாம சொன்ன நேரத்துக்கா கச்சேரி வச்சான்?" என்றார் என்னிடம்.

நேயர்கள் ரிச்சி தெருவுக்குப் போகும்போது எட்டு அங்குலம், சப் அவுட், ஆர்.எம்.எஸ். எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரித்து, கூடத்தைச் சுற்றி வந்து, திருகையெல்லாம் திருகி முடித்ததும் பாட்டை நிறுத்தாமல் படி இறங்குங்கள். கீழ் வீட்டு மணியை அடித்துக் கேட்டுவிட்டு, மேலே வந்து பொட்டை ஒட்டுங்கள்.